காற்று நின்ற மாதத்துச் சஹன்

கல்பிட்டிப் பக்கத்து எங்கள் ஆலங்குடாவில் காற்று நின்றால் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போடுவார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் பெருநாள். மாதக்கணக்காக மணலை வாரிக் கண்ணிலும் சோற்றிலும் போட்ட சோளகக் காற்று ஒரு காலையில் காணாமல் போயிருக்கும். கடல் சத்தமில்லாமல் கிடக்கும். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர் மூட்டை கட்டிவிடுவார்கள். பிறகு இரண்டு மூன்று மழை. அவ்வளவுதான், எங்கள் மணல் பச்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வேலிக்கு வேலி முசுட்டைக் கொடி ஏறும். வெறும் தரை என்று நினைத்த இடமெல்லாம் சாரணைக் கீரை படரும். களப்பில், கடலோடு சேர்ந்த அந்த உப்புத் தண்ணீரில், இறால் கொழுக்கும். கடைக்குப் போகாமலே சட்டி நிறைகிற காலம் அது. அந்த நாட்களில் என்னை வீட்டுக்குள் பிடித்து வைக்க யாராலும் ஏலாது.

ஆனால் எங்கள் குடும்பத்துக்குக் கை இறுகுகிற காலமும் அதேதான். நானும் ராத்தாவும், அக்கா தங்கை இருவரும், கரையோரத்து விடுதி ஒன்றில் சமைக்கிறோம். காற்று இல்லையென்றால் ஆட்கள் இல்லை, ஆட்கள் இல்லையென்றால் குசினிக்குப் பூட்டு. மார்கழியில் அடுத்த காற்று எழும்பும்வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். மச்சானுக்கும், அதாவது ராத்தாவின் புருஷனுக்கும், கடலில் முந்தியைப் போல் மீன் படுவதில்லை. போன வருடம் ராத்தா முடிவாகச் சொல்லிவிட்டாள், இந்த முறையும் குசினியைப் பூட்டினால் திரும்பக் குவைத்துக்குப் போகிறேன் என்று. முன்பே நான்கு வருடம் அங்கே ஒரு வீட்டில் சமைத்தவள் அவள். மகள்மார் இருவரையும் தில்லையடியில் எங்கள் உம்மாவிடம் விடுவதாகப் பேச்சு. ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய்விட்டான். பிள்ளைகள் அன்று முழுக்க ராத்தாவின் முந்தானையை விடவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நேரே முதலாளியிடம் போனேன். அவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், எங்களோடு தமிழிலேயே பேசுவார்.

"மஹத்தயா, காத்துக்கு ஆள் வாற மாதிரி சாப்பாட்டுக்கு ஆள் வரமாட்டாங்களா? மாரிக்கு இஞ்ச என்ன கிடைக்குதோ அத மட்டும் ஆக்கித் தாறம். கொழும்பில இதெல்லாம் தேடினாலும் கிடைக்காது."

அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ட கூட்டாளிமாரக் கூட்டிக்கொண்டு வாறன். அவங்களுக்குப் பிடிச்சா குசினி திறந்திருக்கும். பிடிக்கல்லண்டா என்னைக் குறை சொல்லக் கூடாது."

ஞாயிறு விடியுமுன்பே நல்ல மழை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வேலி வேலியாக முசுட்டை ஆய்ந்தேன். சாரணையில் இளசாகப் பார்த்துக் கிள்ளினேன். ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு களப்புப் பக்கம் போய், வள்ளத்திலிருந்து இறக்கும்போதே இறாலை வாங்கினேன். பைக்குள் அது துள்ளத் துள்ள வந்தது. வழியில் தெரிந்தவர் தோட்டத்தில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும். எல்லாம் எங்கள் மண், எங்கள் தண்ணீர். ஈரச் சேறு முழங்கால்வரை தெறித்திருந்தது, நான் பாட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். ராத்தாவிடம் சோற்றையும் தேங்காய்ப்பாலையும் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

குசினிக்குள் கால் வைத்தால் கோழி வாசம்.

"என்ன ராத்தா இது?"

"கோழி."

"கோழி எண்டு மூக்குக்குத் தெரியுது. ஏன் ஆக்கினீங்க?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மச்சானை விடியவே கல்பிட்டிக் கடைக்கு அனுப்பி ஐஸில் விறைத்த கோழி, நுவரெலியாக் கரட், போஞ்சி, போத்தல் சோஸ் எல்லாம் எடுப்பித்திருக்கிறாள். சட்டி நிறையப் பிரைட் ரைஸ்.

"முதலாளிட ஆக்கள் வாறாங்க. அவங்களுக்கு முன்னால சாரணையக் கொண்டுபோய் வைக்கவா? வீட்டில ஒண்டும் இல்லாத நாளைக்கு ஆக்கிற சாமான் அது. நம்மட மானம் என்னாகிற?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டியைத் தூக்கி மணலில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. எங்களில் விருந்தென்றால் இறைச்சி வேண்டும். வந்தவருக்குக் கீரை வைத்தால் அவரை வேண்டாம் என்று சொன்ன மாதிரி. எந்த வீட்டில் கேட்டாலும் ராத்தா செய்ததுதான் சரி என்பார்கள். அதுதான் என்னை இன்னும் எரித்தது. உங்களைக் குவைத்துக்கு அனுப்பப்போவது இந்தக் கோழிதான் என்று கத்திவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து விறகடுப்புக்குப் போனேன். வருகிறவர்கள் என்னத்தையோ தின்னட்டும், நான் எனக்கு ஆக்குகிறேன் என்ற வீம்பு.

வீம்பில் ஆக்கினாலும் கை சோடை போகவில்லை. சாரணைக்குத் தேங்காய்ப்பூ போட்டு வறை. முசுட்டையைப் பொடியாக அரிந்து வெங்காயத்தோடு வதக்கினேன். இறாலும் முருங்கைக்காயும் கட்டித் தேங்காய்ப்பாலில் குழம்பாகக் கொதித்தது. தேசிக்காய் பிழிந்து ஒரு சொதி, ஒரு பானை வெள்ளைச் சோறு. கோபம் பாதி அடுப்படியிலேயே ஆறிவிட்டது, பசிதான் மிச்சம்.

முன்பக்கம் விருந்து மரியாதையாக நடந்தது. மரியாதையாக மட்டும்தான். பீங்கான் தட்டுகளில் பாதிக்குப் பாதி மிச்சம். நான் அவற்றை எடுக்கும்போது முதலாளி மெதுவாகக் கேட்டார்:

"இதா உங்கட மாரிச் சாப்பாடு? இத நான் வரும் வழியில எந்தக் கடையிலயும் தின்னலாமே."

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன். ராத்தா கதவோரம் நின்று அதைக் கேட்டாள். முகம் செத்துவிட்டது.

பின்பக்கம் போய்ச் சஹனை இறக்கினேன். அந்தப் பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து, கறிகளைச் சுற்றி வைத்து, எல்லாரும் வட்டமாகக் குந்தி ஒரே தட்டில் அள்ளித் தின்பது எங்கள் பழக்கம். ராத்தா, ஞாயிறு என்பதால் கூட வந்திருந்த அவளுடைய மகள்மார், நான். பிஸ்மி சொல்லிக் கை வைக்கும் நேரம், வந்தவர்களில் ஓர் அம்மா கை கழுவப் பைப்படிக்கு வந்தார். சிலாபத்தில் ஏதோ பள்ளிக்கூடத்து அதிபராக இருந்து ஓய்வுபெற்றவராம்.

"வாங்கம்மா, சாப்பிடுவம்," என்றாள் ராத்தா.

சாப்பிடும்போது யார் கண்ணில் பட்டாலும் நாங்கள் அப்படிக் கூப்பிட்டாக வேண்டும். இப்பதான் திண்டிட்டு வாறன், நீங்க சாப்பிடுங்க என்று அவர் சொல்லியாக வேண்டும். அத்தோடு இரண்டு பக்கத்துக் கடமையும் முடிந்துவிடும். அந்த அம்மாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்கே தெரியும்? கையை உதறினார், சாரியை ஒதுக்கினார், ராத்தாவுக்கும் எனக்கும் நடுவில் குந்திவிட்டார்.

"இது சும்மா எங்களுக்கு ஆக்கினது, அம்மா. உங்களுக்குச் சரிவராது," என்று ராத்தா தவித்தாள். அம்மா சாரணையைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். அடுத்தது முசுட்டை. பிறகு இறால். பிறகு திரும்பி முன்பக்கம் பார்த்துச் சிங்களத்தில் ஒரு சத்தம் போட்டார். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். இடம் போதாமல் ஒருவர் தோளோடு ஒருவர் நெருங்க, முதலாளி நின்றபடியே எட்டி எட்டி எடுத்தார். சந்தோஷத்தில் இளைய மகளின் கையைக் கிள்ளிவிட்டேன் போல, அவள் கத்தினாள்.

"எங்களுக்கு ஏன் இதத் தரல்ல?" என்று தமிழுக்கு மாறிக் கேட்டார் அம்மா.

ராத்தா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

முதலாளி கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அடுத்த ஞாயிறும் ஆள் வரும். குசினியப் பூட்ட வேணாம். கோழியும் வேணாம்."

அவர்கள் போன பிறகு சட்டி கழுவக் குந்தினோம். "எங்க போச்சு உங்கட மானம்?" என்று சீண்டினேன். ராத்தா சிரிக்கவில்லை.

"ஏஜென்சிக்காரன் இனி வரத் தேவையில்ல எண்டு உன்ட மச்சானிட்டச் சொல்லப்போறன்," என்றாள்.

நான் எழும்பித் துள்ளப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இருத்தினாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"குசினி திறந்திரிக்கிறதுக்காக மட்டுமில்ல புள்ள. நாலு வருஷம் அங்க ஆக்கிப் போட்டன். நல்லாத் திண்டாங்க, பொய் சொல்லக் கூடாது. எல்லாரும் எழும்பின பிறகு நான் குசினியில நிண்டுகொண்டு தனியத் திம்பன். ஒருநாளும் ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில வந்து இருந்ததில்ல. இண்டைக்கு அந்த அம்மா வந்து குந்தினதும் நான் அவங்களையே பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

அவள் அன்று ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டியின் அடியில் ஒட்டியிருந்த குழம்பில் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிசைந்தேன். சட்டியை நடுவில் வைத்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி, அதை வழித்துத் தின்றோம்.