தோல் உரிக்காத பழம்

பேர்ணடெற்றுக்கு வாய் கொஞ்சம் நீளம். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், முதியோர் இல்லத்து லோன்றியில் எட்டு வருசமாகப் படுக்கைவிரிப்புத் துவைக்கிறாள். அங்கே சுப்பவைசருக்கே அவளிடம் பயம். ஆனால் ஒரு ஞாயிறு பூசையில் சீமோன் சுவாமி, "அயலானை நேசி எண்டால் தூரத்திலை இருக்கிறவனை இல்லை, பக்கத்துக் கதவுக்காரனை" என்றபோது அவளுக்கு உறைத்துவிட்டது. மோர்னிங்சைட் அடுக்குமாடியில், பதினோராம் மாடியில், அவளுடைய பக்கத்துக் கதவு பத்மநாதனுடையது.

பத்மநாதன் ஊரில் தபாலதிபராக இருந்தவர். எழுபத்துமூன்று வயது, நீரிழிவு, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா. மகன் வினோதன் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போனபோது, பஸ் ஓடாத காட்டுக்குத் தான் வரமாட்டேன் என்று கிழவர் ஒரே பிடியாக நின்றார்.

"அன்ரி, அப்பா இன்சுலின் ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிட மறந்திடுவார். கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று மகன் தகப்பன் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்றைப் பேர்ணடெற்றின் கையில் வைத்தான்.

அடுத்த நாளே இடியப்பமும் சொதியும் சுடச்சுடக் கொண்டுபோனாள். கிழவர் வாங்கிக்கொண்டு, "பிள்ளை எந்த ஊர்?" என்றார்.

"குருநகர், ஐயா."

"கரைப் பக்கமோ" என்றார்.

யாழ்ப்பாணத்தான் ஊரைக் கேட்பது பஸ் பிடிக்கவா? சாதி அறியத்தான். கரை என்றால் மீன்பிடிக்கிற சாதி. பின்னேரம் குப்பை போடப் போனவள், மாடிக்குப் பொதுவான குப்பைக் குழாயின் வாயிலேயே தன் இடியப்பம் சிக்கிக் கிடக்கக் கண்டாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு போச்சு, ஊர் போச்சு, சனம் செத்தது பாதி, சிதறினது பாதி. இந்தச் சாதிச் சனியன் மட்டும் பிளேன் ஏறி வந்துவிட்டதே. ஒரு கிழமை அந்தக் கதவை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறும் சுவாமி அந்த அயலானையே இழுத்தார்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். தோல் உரிக்காத பழத்துக்குத் தீட்டில்லை. சீல் உடைக்காத ரின்னுக்கும் இல்லை. வாழைப்பழம், தோடம்பழம், ஜூஸ் ரின், கட்டு அவிழ்க்காத பாண் என்று கொண்டுபோனாள். கிழவர் மறுக்கவில்லை. "மேசையிலை வை பிள்ளை" என்பார், கை படாமல்.

இப்படி இரண்டு வருசம். வேலையால் வந்ததும் முதலில் அவருடைய கதவைத்தான் தட்டுவாள். சில நாட்களில் தபால் கந்தோர்க் கதைகள் சொல்வார். இரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் நின்றபடியே கேட்டாள், மனதுக்குள் திட்டிக்கொண்டு.

"எனக்கு எரிச்சல்தான் வருது சுவாமி" என்று ஒருமுறை சொன்னாள்.

"எரிச்சலோடை எண்டாலும் குடுக்கிறாய்தானே. விடாதை" என்றார் சுவாமி.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். தட்டினாள், சத்தமில்லை. திறப்பைப் போட்டுத் திறந்தாள். கிழவர் குசினியில், அடுப்படி நிலத்தில் கிடந்தார். உடுப்பெல்லாம் வேர்வை, கண் பாதி திறந்திருந்தது. மேசையில் ஊசி கிடந்தது. பாண் கட்டு அவிழ்க்கப்படவில்லை. முதியோர் இல்லத்தில் பத்து வருசம் கண்டதுதான், இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. அம்புலன்ஸுக்கு 911 அடித்தாள். நீரிழிவுக்காரர் வீட்டில் சீனி ஏது? ஜூஸ் ரின்னும் முடிந்திருந்தது. தன் வீட்டுக்கு ஓடி ஒரு கோப்பையில் சீனி கரைத்துக்கொண்டு வந்தாள்.

தலையைத் தூக்கி மடியில் வைத்து, கோப்பையை வாயருகே பிடித்தாள். கிழவர் அவளைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். முகத்தை மறுபக்கம் திருப்பி உதட்டை இறுக்கிக்கொண்டார்.

பேர்ணடெற் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினாள். கீழே கடையில் ஜூஸ் ரின் இருக்கும், சீல் உடைக்காதது. லிப்ற் வரச் சுணங்கியது. வந்ததும் மாடிக்கு மாடி நின்று ஆட்களை ஏற்றியது. ரின்னோடு அவள் திரும்பி வந்தபோது அம்புலன்ஸ்காரர் கிழவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

வினோதன் பனிச் சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்தான். உயிர் போகிறவரின் வாயில் தண்ணீர் விடுவது மகனுடைய கடமை. அவன் அதைத்தான் கேட்டான்.

"அன்ரி, கடைசியா ஒரு வாய் தண்ணியாவது குடிச்சவரோ?"

நிறைந்த கோப்பை இன்னும் நிலத்தில் இருந்தது. பேர்ணடெற் அதைக் காலால் மெல்ல அலுமாரிப் பக்கம் தள்ளினாள்.

"ஓம் தம்பி. நான்தான் குடுத்தனான். குடிச்சவர்."

அவன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். அவளுக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அடுத்த கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"பெத்த பிள்ளை ஆறட்டும் எண்டு சொன்னனீ. ஆண்டவருக்குத் தெரியும்" என்றார் சுவாமி.

"அது இல்லை சுவாமி" என்றாள் பேர்ணடெற். "அவர் முகத்தைத் திருப்பேக்கை, விருப்பமில்லாட்டி செத்துப் போ எண்டு நினைச்சனான். ரண்டாந்தரம் நான் கோப்பையை நீட்டேல்லை."