காராமணி வேரின் முடிச்சுகள்

அத்தையின் காராமணிச் செடிகளுக்கு நான் செய்த வைத்தியத்தை இதுவரை அத்தையைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரியான வைத்தியம் இல்லை அது.

அப்பாவின் தங்கையைப் பாகூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். புருஷனின் அடி பொறுக்காமல் ஒருநாள் துணிப்பையோடு புதுச்சேரிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சுமையாக இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடலாம் என்பது அவள் நினைப்பு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கழித்துப்போட்ட தெர்மாகோல் மீன்பெட்டிகளைத் தூக்கிவந்து மாடியில் மண் கொட்டினாள்.

"மொதல்ல காராமணி போட்டா மண்ணுக்குச் சத்து வந்துடும்ண்ணா. அப்புறம் கத்திரி, வெண்ட எது வச்சாலும் வரும். கடையில காய் வாங்கவே வேணாம்."

"பாப்போம்" என்றார் அப்பா. தண்ணீர்த் தொட்டி வைக்க அவருக்கும் அந்த இடத்தின்மேல் ஒரு கண்.

எனக்கு எட்டு வயது. காராமணி முழங்கால் உயரம் வளர்ந்திருந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றுப் பூச்சி ரத்தத்தைக் குடிக்கும், பிள்ளை வளராது என்று டீச்சர் பயமுறுத்தியிருந்தார். சாயங்காலம் விளையாட்டாக ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரெல்லாம் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினேன். உள்ளே சிவப்பு. எனக்குச் சந்தேகமே இல்லை.

கோயிலுக்குப் போயிருந்த அத்தை வருவதற்குள் எல்லாச் செடிகளையும் பிடுங்கி, குழாயில் அலசி, அம்மா மீன் ஆய்வதுபோல முடிச்சுகளைச் சுரண்டியெடுத்துவிட்டுத் திரும்ப நட்டேன். எடுத்ததைக் கொட்டாங்கச்சியில் வைத்து அவளிடம் நீட்டினேன்.

"எல்லாப் பூச்சியும் எடுத்துட்டேன் அத்த."

அத்தை கொட்டாங்கச்சியைப் பார்த்தாள். செடிகளைப் பார்த்தாள். "கை கழுவிட்டு வா, சாப்புடலாம்" என்றாள்.

மூன்றாம் நாள் செடிகள் சுருண்டன. அப்பா வந்து பார்த்தார்.

"காராமணியே வரல ஒனக்கு. இதுல கத்திரி வேறயா?"

"என் கைராசி அப்படிண்ணா."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் தொட்டி வந்தது. மாதக் கடைசியில் அத்தையை அப்பாவே பாகூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

முடிச்சுக்குள் இருந்தவை நுண்ணுயிர்கள் என்றும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குச் சோறாக்கிப் போடுபவை என்றும், உள்ளே சிவந்திருந்தால் வேலை மும்முரமாக நடக்கிறதென்று அர்த்தம் என்றும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன்.

அது தெரியாமல் போனதை மன்னிக்கலாம். அத்தை என்னைக் காட்டிக்கொடுக்காததைப் பாசம் என்றே எண்ணிப் பூரித்துப்போயிருந்தேனே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அண்ணன் வீட்டை அண்டி வந்தவள் அண்ணன் மகள்மேல் குற்றம் சொல்ல முடியாது என்பதும், நடந்ததை அப்பாவிடம் சொல்லக்கூடியவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.