மேஜரின் முன்னங்கால்கள்

மிருக வைத்தியம் என்றால் மிருகத்துக்குச் செய்கிற வைத்தியம் என்று நம்பிக்கொண்டு படித்து முடித்தவள் நான். கற்பிட்டியில் கிளினிக் திறந்த முதல் வாரமே அந்த நம்பிக்கை போய்விட்டது. நாய் பாட்டுக்குப் பேசாமல் கிடக்கும். அழுவது, கத்துவது, பொய் சொல்வது எல்லாம் அதைக் கொண்டுவருகிறவர்கள்தான். என் தொழில்காரர்களே, பெரிய சாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, வயிறு நிறையப் போட்டால் தானாக வளர்ந்துவிடும் என்று நம்பிய அப்பாவிகளே, என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

வீசக் கூடாத குளிசை

றசீக் நானா வெங்காயத் தோட்டக்காரர். தோட்டக் காவலுக்கென்று வளர்த்த அல்சேஷனை என்னிடம் கொண்டுவந்தபோது அது கிட்டத்தட்ட வளர்ந்து முடிந்திருந்தது. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாகக் கோணி நின்றன. என்ன கொடுத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டதில், பிள்ளைத்தாய்ச்சியான மகளுக்குத் தாய்சேய் கிளினிக்கில் கொடுத்த கல்சியம் குளிசை முழுக்க நாயின் வயிற்றுக்குள் போயிருப்பது தெரியவந்தது. மகளுக்கு அதை விழுங்கினால் குமட்டுமாம்.

வளர்ந்த நாய் மிஞ்சின கல்சியத்தை வெளியே தள்ளிவிடும். சில மாதக் குட்டிக்கு அந்த வித்தை தெரியாது, கொடுத்ததையெல்லாம் உடம்புக்குள் வாங்கிக்கொள்ளும். அதிலும் பெரிய சாதிக் குட்டியின் எலும்பு ஓட்டமாக வளர்வது. மூட்டோரத்தில் எலும்பு வளர்கிற இடம் குழம்பிப்போய்க் கால் கோணிவிடும். வளர்ச்சி முடிவதற்குள் கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ள வழியுண்டு. றசீக் நானா பிந்திவிட்டார். "மருந்துக் குளிசையை நாய்க்குப் போடச் சொல்லி யார் சொன்னது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் முகம் வாடிப்போய்ச் சொன்னார்: "என்ன செய்ற டொக்டர், சும்மா தந்த சாமான வீசினா வீண்விரயம் இல்லையா?"

கோழிக்கு நல்லதென்றால்

அந்தக் கோணல் கால் மனதை விட்டுப் போகுமுன்பே பிலோமினா அக்கா வந்து சேர்ந்தார். பள்ளிவாசல்துறைக் கடற்கரையில் மீன் வெட்டிக் காயவைக்கிற கருவாட்டு வாடி வைத்திருப்பவர். ஓட்டோவிலிருந்து ஒரு கிரேட் டேன் குட்டியை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினார். நாலு மாதக் குட்டி, பெயர் மேஜர். கன்றுக்குட்டி அளவு இருந்தது. முன்னங்கால் இரண்டும் வெளியே வளைந்து, மணிக்கட்டு வீங்கி, தொட்டால் சுட்டது. கை பட்டதும் வீரிட்டுக் கத்தியது.

புருசன் வின்சன்ட் அண்ணன் மீன் சீசனுக்குப் படகோடு வேறு கரைக்குப் போனால் வரப் பல மாதமாகும். போன சீசனில் அவர் இல்லாத நேரம் பார்த்துத் திருடர்கள் வாடிக்குள் புகுந்து, இந்த மனுசியைத் தள்ளி விழுத்திவிட்டுக் கருவாட்டை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. மேஜர் வந்து கதவடியில் படுக்கத் தொடங்கிய பிறகுதான் கண்ணை மூடினாராம். "இதுக்கு ஒண்டு ஆயிட்டா நான் பழையபடி விடிய விடிய முழிச்சிருக்கணும், மகள்" என்று கண் கலங்கினார்.

என்ன தீன் என்று கேட்டேன். கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் மீனின் வெள்ளை ஓடுகளைப் பொறுக்கி, உரலில் இடித்து, தினமும் மூன்று வேளையும் சோற்றில் பிசைந்து கொடுத்திருக்கிறார். அது முழுக்கக் கல்சியம்! தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரோ எனக்கே பாடம் எடுத்தார்: "கோழிக்கு இடிச்சுப் போட்டா முட்டை ஓடு என்ன கெட்டியா வருது! கால் வளையுது எண்டு பாத்துத்தானே நான் இன்னும் ஒரு ஓடு கூட்டி இடிச்சேன்."

எலுவன்குளம்

கணவாய் ஓடு போடுவதை நிறுத்தச் சொன்னேன். பெரிய சாதிக் குட்டிக்கென்று பையில் வருகிற தீனை அளந்து போடச் சொன்னேன். ஓட விடாதீங்க, துள்ள விடாதீங்க, மணலில் மெல்ல நடத்துங்க என்றும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது கால் முன்னைவிட மோசம். மாதா மேல் சத்தியமாக ஓட்டைத் தொடவில்லை என்றார் அக்கா. பொய் சொல்கிற முகமாகவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வின்சன்ட் அண்ணனின் போன் கோல். அக்கா போனை என் கையில் திணித்துவிட்டார். "கோயில் திருநாளுக்கு வாறேன் டொக்டர். அதுக்குள்ள கால் சரி வந்தா நல்லது. இல்லாட்டி எலுவன்குளம் பக்கம் கொண்டுபோய் இறக்கிட்டு வாறேன்" என்றார். வில்பத்துக் காட்டோரம் அது. அங்கே இறக்கிவிட்ட நாய் எந்தச் சிறுத்தையின் வயிற்றுக்குப் போகும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "நீங்களெல்லாம் மனுசரா?" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு நாய் மேல என்ன கோபம், டொக்டர்? நொண்டி நாயை நம்பி அவள் கண்ணை மூடினா, அங்க கடல்ல எனக்குக் கை ஓடாதே."

தபால்காரன்

திருநாளுக்கு அதிக நாள் இல்லை. கல்சியம் வேறு எந்த வழியால் போகிறது என்று தெரியாவிட்டால் குட்டி போச்சு. சொல்லாமல் கொள்ளாமல் வாடிக்கே போய் ஒரு ஓரமாக நின்றேன்.

தென்னங்கிடுகுக் கொட்டிலின் கீழே பெண்கள் வரிசையாக இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜர் நொண்டி நொண்டி வந்து முதலாமவள் முன்னால் நின்றது. ஒரு மீன் தலை விழுந்தது. அடுத்தவளிடம் ஒரு நடுமுள். அதற்கடுத்தவளிடம் இன்னொரு தலை. தபால்காரன் வீட்டுக்கு வீடு நிற்பது போல ஒருத்தி பாக்கியில்லாமல் நின்றது. எல்லாம் முடிந்து, கருவாடு காய்கிற தட்டுக்கு அடியில் படுத்து, மேலேயிருந்து விழுகிற நெத்தலியை நக்கி எடுத்தது. முள்ளும் கல்சியம்தான், தலையும் கல்சியம்தான், போதாததற்கு உப்பு வேறு. குனிந்து வெட்டுகிற அவசரத்தில் ஒருத்தி போடுவது இன்னொருத்திக்குத் தெரியாது. தான் மட்டும்தான் போடுகிறோம் என்று ஒவ்வொருத்திக்கும் நினைப்பு.

"எல்லாரும் சேர்ந்து இதைக் கொல்றீங்க!" என்று கத்தினேன். கத்திகள் நின்றன. ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நாங்க வேணுமெண்டு போடல்ல டொக்டர். அது பாத்துக்கொண்டே இருந்திச்சி."

விலா எலும்பு

அன்றைக்கே பிலோமினா அக்கா பழைய வலையைக் கட்டி, தட்டுகளுக்குத் தூரமாக, நிழலில் ஒரு அடைப்புப் போட்டார். மேஜர் உள்ளே போனது. வேளைக்கு அளந்த தீன் மட்டும்தான். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கொழுத்த குட்டியின் பாரத்தை அந்த மூட்டு எப்படித் தாங்கும்?

மேஜர் வலைக்குள்ளிருந்து ஊளையிட்டதாம். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாராம். தினமும் எனக்குக் கோல். இன்றைக்கு ஒரு தலை, ஒரேயொரு சின்னத் தலை போடட்டுமா என்று கெஞ்சல். முடியாது என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடுவேன். ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை: "வெளிநாட்டு நாயை வாங்கி நான் பட்டினி போடுறேன் எண்டு ஊரெல்லாம் கதை, மகள். கோயிலுக்குப் போக வெக்கமா இருக்குது."

கடைசிச் சாப்பாடு

திருநாள் முடிந்த மறுநாள் காலை கிளினிக் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. வெயிலில் கறுத்த மனுசர் ஒருவர், பின் சீட்டில் கயிற்றோடு மேஜர். வின்சன்ட் அண்ணன். "எலுவன்குளம் போற வழி டொக்டர். உங்கட்ட காட்டாமப் போகக் கூடாது எண்டு அவள் ஓட்டோவுக்கு முன்னால நிண்டுட்டா." எலுவன்குளம் இருப்பது எதிர்ப்பக்கம், கற்பிட்டி வழியாக எந்த மடையனும் அங்கே போகமாட்டான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. வீக்கம் வற்றியிருந்தது. குட்டி கத்தவில்லை. இடது கால் நேராகிவிட்டது, வலது இன்னும் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. "வளர்கிற வயசு, இன்னும் நிமிரும். முழுசாக நிமிரும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் இனி நொண்டாது" என்றேன்.

பல்லைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். குப்பென்று மீன் வாடை! "யார் இதுக்கு மீன் குடுத்தது?" என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்டோக்காரரே திடுக்கிட்டுப்போனார். வின்சன்ட் அண்ணன் நிலத்தைப் பார்த்தார். "நான்தான்... போற நாய்தானே, கடைசியா ஒரு பாரைத் தலை அவிச்சுக் குடுத்தேன். அது பாத்துக்கொண்டே இருந்திச்சி, டொக்டர்."

பிறகு அவரே மேஜரைத் தூக்கிச் சீட்டில் வைத்து, கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஓட்டோக்காரரிடம் சொன்னார்: "வீட்டுக்குத் திருப்புங்க தம்பி, அவள் இன்னும் ரோட்டுலதான் நிண்டுகொண்டிருப்பா."

நாயின் காலை நிமிர்த்த எனக்கு வழி தெரியும். அதன் கண்ணைப் பார்த்ததும் தானாக நீளுகிற கைகளுக்குத்தான் இன்னும் மருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.