பெஸ்ஸியின் கன்னத்தில் ஒரு பொட்டு

ஒரு நாய்ப் படத்தினால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. என் அத்தையின் கல்யாணம். அது நின்றதில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது எனக்கு ஏழு வயது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது சேர்த்துச் சொல்கிறேன் என்று என் பிள்ளைகள் குற்றம் சாட்டுகிறார்கள். அதனால் சேர்க்காமல் குறைக்காமல் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. உலகச் சண்டை முடிகிற சமயம். ஆவடி முழுக்கப் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. என் அப்பா ஆவடி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். வருகிற ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிடுகிற வேலை. வீட்டிலும் அப்படித்தான். யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவர்தான் திருப்பிவிடுவார். அவர் திருப்பியும் திரும்பாத ஒரே வண்டி என் அத்தை, அதாவது அவருடைய தங்கை.

அத்தை மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே முன்பு இருந்த ஒரு வெள்ளைக்கார டீச்சர் அவளுக்கு எண்ணெய் வர்ணத்தில் பூக்கள் வரையச் சொல்லிக்கொடுத்து, ஊருக்குத் திரும்பும்போது வர்ணப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை ஒரு வருஷம் பூ வரைந்தாள். பிறகு பள்ளிக்கூட வாசலில் படுத்திருந்த ஒரு தெருநாயை வரைந்தாள். அதற்குப் பிறகு பூப் பக்கம் போகவே இல்லை. ஏன் என்று அப்பா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"பூ நம்மளைத் திரும்பிப் பாக்காது அண்ணா. நாய் பாக்கும்."

அப்பாவுக்கு இது புரியவில்லை. மனிதன் மூஞ்சியே நாலு நாளில் மறந்துபோகிற உலகத்தில் நாய் மூஞ்சிக்கு இவ்வளவு வர்ணம் எதற்கு என்று கேட்டார். அத்தை விளையாட்டாக வரையவில்லை. பெரிய மனிதர்களின் படத்தை எப்படி எழுதுவார்களோ, பின்னால் இருட்டு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், முகத்தில் ஒரு யோசனை, அப்படித்தான் நாயையும் எழுதினாள். ரிப்பன் கட்ட மாட்டாள், மெத்தையில் உட்கார வைக்க மாட்டாள். கீழே மூலையில் தன் பெயரைத் தமிழில் சின்னதாகப் போடுவாள்.

முதன்முதலில் ஒரு பட்டாளத்து அதிகாரி தன் கறுப்பு நாயை எழுதித் தரச் சொன்னார். அத்தை ஒரு மாதம் உழைத்தாள். அந்தத் துரை படத்தை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, இது நாய்தான், ஆனால் என் நாய் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா அந்தப் படத்தைக் கோழிக்கூண்டுக்கு மறைப்பாக வைத்தாள். அது யாருடைய நாய் என்ற சந்தேகம் கோழிகளுக்கு வரவில்லை. இரண்டு நாள் அவை கூண்டுப் பக்கமே போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வேதக்கோயிலில் சிலர் அத்தையை நாய் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு அது அவமானமாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சென்னீர்குப்பத்துப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஓர் உபதேசியார், கோயிலில் வேதம் போதிக்கிறவர். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள், தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அத்தை வேலையை விட்டுவிட வேண்டும், வர்ணம் குழைக்கிற வேலையும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அத்தைக்கு வயது இருபத்தாறு. எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. கல்யாணம் என்றால் பந்தல், பேண்டு வாத்தியம். அது மட்டும்தான் தெரியும்.

இதற்கு நடுவில் இன்னொரு படத்துக்கு அழைப்பு வந்தது. பட்டாளத்துப் பங்களாவில் இருந்த ஒரு துரைசானி இங்கிலாந்துக்குத் திரும்பப் போகிறார். அவருடைய நாய் பெஸ்ஸிக்கு வயதாகிவிட்டது, கப்பலில் அதற்கு இடம் இல்லை. நாய் இங்கேயே இருக்கும், அதன் படமாவது என்னோடு வரட்டும் என்றாராம்.

அப்பா அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். நான் அப்போது கோழி பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அம்மா பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னாள்.

"இதான் கடைசி. அந்த அம்மா வாங்கிக்கினா, நீ உன் இஷ்டத்துக்கு நாயை எழுதிகினு இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். வேணாம்னு திருப்பி அனுப்பிச்சுன்னா, ஞாயித்துக்கெழம கோயிலாண்ட உபதேசியாரைப் பாத்து சரின்னு சொல்லிடுவேன்."

அத்தை ஒரே வார்த்தையில் சரி என்றாளாம்.

கல்யாணமாகாத பெண் பட்டாளத்துப் பங்களாவுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். பட்டாளம் முழுவதும் எதிர்த்து வந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் போவோம். முதல் மூன்று நாள் அத்தை பெட்டியைத் திறக்கவே இல்லை. நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஸ்ஸி தேன் நிறம். காதுகள் தொங்கும். எழுந்திருப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு விடும். நான்காம் நாள் கரித்துண்டால் கோடு போட்டாள். பிறகு வீட்டில் சட்டத்தில் கித்தானை இழுத்துக் கட்டி, பசையும் வெள்ளையும் பூசிக் காயவைத்து, வர்ணத்தைத் தொட்டாள்.

படம் முடியும் தறுவாயில் பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள். பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா இது, உசுரோட குந்திகினு கீது. ஊரு கண்ணு பட்டுடும்மா. கன்னத்துல ஒரு பொட்டு வச்சு உடு."

அத்தை சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. ஆனால் அக்காவின் குழந்தைக்கு இடது கன்னத்தில் தினமும் மைப்பொட்டு இருக்கும், அது கொழுகொழு என்று நன்றாகத்தான் இருந்தது. பொட்டு இல்லாமல் போன அந்தக் கறுப்பு நாயின் கதி என்ன ஆயிற்று? கோழிக்கூண்டில் கிடக்கிறது. ஏழு வயதில் எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

படத்தைக் கொண்டுபோகிற நாள் வெள்ளிக்கிழமை. வர்ணத்தில் துணி ஒட்டாமல் இருக்க அத்தை சட்டத்தின் குறுக்கே இரண்டு குச்சி வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்திக் கட்டியிருந்தாள். அவள் புடவை மாற்ற உள்ளே போனாள். நான் துணியின் ஓரத்தைத் தூக்கினேன். வர்ணத் தட்டில் கறுப்பு இன்னும் ஈரமாக இருந்தது. சுண்டுவிரலால் தொட்டு, பெஸ்ஸியின் இடது கன்னத்தில், அக்காவின் குழந்தைக்கு இருக்கிற அதே இடத்தில், அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தேன். துணியைப் பழையபடி இழுத்து மூடினேன். விரலை என் தலைமயிரில் துடைத்துக்கொண்டேன்.

படத்தையும் வர்ணப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஜட்காவில் போனோம். வண்டிக்காரர், சாமிப் படமா அம்மா என்று பக்தியோடு கேட்டார். நாய்ப் படம் என்றாள் அத்தை. அவர் சாட்டையை மடக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"அப்போ என் குதுரைய எழுதுவியாமா?"

அத்தை சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

துரைசானி வராந்தாவில் இருந்தார். பெஸ்ஸி நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அவர்களுடைய பட்லர் நம் ஊர்க்காரர், அவரும் வந்து நின்றார். அத்தை என்னைச் சட்டத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் துணியை அவிழ்த்தாள். நான் படத்துக்குப் பின்னால் இருந்தேன். எனக்குத் தெரிந்தது முகங்கள் மட்டும்தான்.

அத்தையின் முகம் வெளுத்தது. அவள் கண் போன இடத்துக்கே துரைசானியின் கண்ணும் போனது. அத்தை சட்டென்று முந்தானை நுனியை எடுத்துக்கொண்டு படத்தின் பக்கம் கையை நீட்டினாள். துரைசானி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நோ" என்றார். எனக்குத் தெரிந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளில் அது ஒன்று. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அடி எங்கே விழும் என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

துரைசானி படத்துக்கு வெகு அருகில் வந்து பார்த்தார். பிறகு அவ்வளவு பெரிய அம்மாள், அப்படியே தரையில் உட்கார்ந்து பெஸ்ஸியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இடது கன்னத்து மயிரை இரண்டு விரலால் விலக்கி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் சட்டத்தை நாற்காலியில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

அங்கே ஒரு மரு இருந்தது. மிளகு அளவுதான், கறுப்பு. அதில் மூன்று நீள மயிர்.

துரைசானி வேகமாகப் பேசினார். பட்லர் எனக்காகத் தமிழில் சொன்னார். இந்த மருவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மா தினமும் காலையில் நாய்க்குப் பால் வைப்பாராம். பட்டணத்தில் இரண்டு ஸ்டூடியோவில் படம் பிடித்தார்களாம், இதற்கு முன் ஒருவர் வரைந்தும் கொடுத்தாராம். ஒருவர் கண்ணிலும் இது படவில்லையாம்.

அத்தை அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் பொய்யே சொல்லாதவள் அல்ல. பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்று என்னைக் காட்டி இங்கிலீஷில் நிறையப் பேசினாள். நடுவில் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். துரைசானி என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்லர் என் பக்கம் குனிந்தார். "மருவை நான் பாக்கல, புள்ள திஷ்டிக்கு வச்ச பொட்டு இதுன்னு உங்க அத்தை உண்மையைச் சொல்லிடுச்சு தம்பி. யாரு வச்சா இன்னா, இருக்க வேண்டிய எடத்துல கீதுன்னு அம்மா சொல்லுது."

அத்தைக்கு அது போதவில்லை. வர்ணப் பெட்டியைத் திறந்தாள். தரையில் உட்கார்ந்து பெஸ்ஸியின் கன்னத்தை வெகு நேரம் தொட்டுப் பார்த்தாள். நாய் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து, என் பொட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து, மேலே ஒரு சின்ன வெளிச்சம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று கோடு இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் வைத்தது பொட்டு. அவள் கையை எடுத்தபோது அது மரு.

துரைசானி படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பட்லர் தேவைப்படவில்லை. "பெஸ்ஸி" என்றார். கீழே படுத்திருந்த பெஸ்ஸி, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று வாலை ஆட்டியது.

மறுநாள் சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதில் ஒரு நாய். அது போவதற்குள் இன்னொரு ஜீப், அதில் இரண்டு. துரைசானி படத்தை வராந்தாவிலேயே வைத்துப் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்று, பொட்டு வைக்கச் சொன்னதே நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள். அப்பா டியூட்டி சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலை அவரே தூக்கிவந்து வாசலில் போட்டார். ஒவ்வொரு நாயாக வரச் சொல்லிக் கையைக் காட்டி, ரயிலைத் திருப்புவதுபோல் திருப்பிவிட்டார். அத்தை ஒவ்வொன்றின் கன்னத்தையும் முதலில் தடவிப் பார்த்தாள்.

சாயங்காலம் அந்தக் கறுப்பு நாய்த் துரையும் வந்தார். மறுபடி எழுதித் தர முடியுமா என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அப்பா அத்தையைப் பார்த்தார்.

"எழுதலாம் அண்ணா. நாலு பேருக்கு அப்புறம் வரச் சொல்லுங்க."

அப்பா அதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நாலு விரலைக் காட்டி, துரையிடம் சொன்னார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனதை எங்கள் தெரு வெகு நாள் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா உபதேசியாரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த ரேஷன் சர்க்கரையை அம்மா முழுவதுமாக எடுத்துப் பாயசம் வைத்தாள்.

நான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். பந்தல் போயிற்று, பேண்டு வாத்தியம் போயிற்று. அதைவிட, அத்தையின் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் வருத்தம் இல்லையே என்று நினைத்தபோது தாங்கவில்லை. அத்தை பக்கத்தில் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். கவலைப்படாதே அத்தை, வேறு கல்யாணம் வரும் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பாயசம் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்ததும், உள்ளே எவ்வளவு துக்கம் இருக்கிறது, சிரித்து மறைக்கிறாள் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. அவள் இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தாள். துக்கத்தில்தான் இவ்வளவு குடிக்கிறாள் என்று நினைத்து, என் கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையும் அவளுக்கே ஊற்றிவிட்டேன்.