பிசிறு

என் வீட்டுக்காரரை டயர் கடையில் எல்லாரும் 'பிசிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்குக்கூட அவருடைய சொந்தப் பெயர் மறந்துவிட்டது. எனக்கே சில நாள் வாய் தவறி வந்துவிடும்.

எல்லாம் ஒரு பாட்டு செய்த வேலை. வயசுப் பையனாக இருந்தபோது நண்பர்களோடு ராக் குழு வைத்திருந்தார். கிட்டாரும் டிரம்ஸும் காதைக் கிழிக்கும். உச்சத்தில் இவர் 'விடியட்டும்' என்று கத்த வேண்டும். ஒலிப்பதிவில் அந்த 'ய'வில் குரல் பிசிறு தட்டிவிட்டது. இன்னொரு தடவை பாடுகிறேன் என்று கெஞ்சினாராம். ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்த நேரம் முடிந்துவிட்டது. அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது, குழு பிரிந்தது, இவர் டயர் கழற்றப் போனார்.

பாட்டுதான் எங்களை விடவில்லை. ஒரு பெண் வெறும் பியானோவோடு தாலாட்டு மாதிரி பாடினாள். அப்புறம் ஒருத்தன் அதற்கு டிஸ்கோ அடி போட்டான். மெத்தை விளம்பரத்தில்கூட வந்தது. தூங்குகிறவனுக்கு எதற்கய்யா விடியட்டும்! எல்லாரும் அந்த 'ய'வைப் பழகிப் பழகி அழகாக உடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

"தப்பையே பாடமாக்கிட்டாங்களேடி!"

"விடுங்களேன், யாருக்குத் தெரியப் போகுது?"

"உனக்கென்ன தெரியும் பாட்டைப் பத்தி?"

கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இந்த வருஷம் அவர் தொண்டையில் கட்டி. எடுத்தால் பேச்சு ஏதோ வரும், பாட்டு வராது என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து ஒரு புதுக் குழு போன் பண்ணியது, அதே பாட்டை மறுபடி போடுகிறார்களாம், அந்த ஒரு வார்த்தையை அவரே பாடித் தர வேண்டுமாம். ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். "ஒரே ஒரு தடவை சரியாப் பாடிட்டு வந்துடறேன். அப்புறம் எதை வேணா வெட்டிக்கட்டும்." என்னவோ பண்ணுங்கள் என்று நானும் கூடப் போனேன்.

ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பாடினார். அந்த 'ய' ஒரு கீறல் இல்லாமல் மேலே ஏறி நின்றது. எனக்குச் சிலிர்த்துப் போயிற்று. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சூப்பர் ஐயா," என்றான் குழுத் தலைவன். "ஆனா அந்தப் பிசிறு வரலையே? அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம். இன்னொரு தடவை பாடுறீங்களா?"

அன்றைக்குக் கெஞ்சியும் கிடைக்காத இன்னொரு தடவை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மட்டும், "முடியலப்பா," என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பாட்டு வெளிவந்தது. மகள் போனில் போட்டாள். அந்த வார்த்தை முழுக்க இவர் புதிதாகப் பாடியதுதான். 'ய' வரும் இடத்தில் மட்டும் பழைய பதிவிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"அதே பிசிறுப்பா!" என்று மகள் கை தட்டினாள்.

அவள் போனதும் என் கையைப் பிடித்தார். குரல் வெறும் காற்றாக வந்தது.

"அன்னிக்கு... சரியா வந்துச்சுல்ல?"

பாட்டைப் பற்றி என்னிடம் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வந்துச்சுங்க," என்றேன். "பிசிறே இல்ல."