குதிரைப் படங்களில் இல்லாத அம்மா

குதிரைப் படங்களில் அம்மாக்கள் உயிரோடு இருப்பதில்லை. ஒரு பிள்ளையும் ஒரு குதிரையும் வருகிற குடும்பப் படம் என்றால், முதல் காட்சியிலேயே சுவரில் ஒரு பெண்ணின் புகைப்படம் தொங்கும். அப்பா அதை நிமிர்ந்து பார்ப்பார். நமக்கு விஷயம் புரிந்துவிடும். அப்புறம் ஒரு கடுகடுத்த தாத்தா வருவார், யாருக்கும் அடங்காத ஒரு குதிரை வரும், கடைசியில் மழையிலோ பனியிலோ ஒரு ஓட்டம்.

இரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் என் மகள் இந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் தமிழில் குரல் மாற்றியவை. வெயில் மண்டையைப் பிளக்கிற எங்கள் ஊரில், கூடத்தின் ஜன்னலைச் சாத்திவிட்டு, பனியில் ஓடும் குதிரைகளை நானும் அவளும் பார்த்துக்கொண்டிருப்போம். சோபாவின் கைப்பிடிதான் அவளுக்குக் குதிரை. என் பழைய துப்பட்டா கடிவாளம். பேச்சும் மாறிவிட்டது. கேரட்டை எடுக்காதே என்று நான் சொன்னால், "அம்மா, என்னைத் தடுக்காதே. அது பசியோடு காத்திருக்கிறது" என்பாள். அது என்பது அவள் அப்பாவின் மோட்டார் பைக். அதன் பக்கப் பெட்டியிலிருந்து காய்ந்துபோன கேரட்டுகளை நான் பலமுறை எடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா எல்லாப் படத்துலயும் அம்மா செத்துப் போயிருக்காக?"

"இருந்தா, கிட்டப் போகாத, உதைக்கும்னு சொல்லிருவாகல்ல? அப்புறம் படம் எப்படி ஓடும்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தட்டைக் கழுவும்போதுதான் சுருக்கென்றது. நான் அந்த அம்மாதான். மொட்டைமாடிச் சுவர்கிட்ட போகாதே, தெருவில் சைக்கிள் ஓட்டாதே, தாத்தா கடைக் குடோன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே. ஒரு நாளில் நான் அவளிடம் சொல்கிற சொற்களில் பாதி 'தே' என்றுதான் முடியும்.

நான் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் தெருவில் வந்த பெரிய ஆபத்து தும்மல். கல்யாணமாகி சிவகாசிப் பக்கம் வந்த பிறகுதான், காரணமில்லாமல் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் பெண்கள் வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்ப்பதைக் கண்டேன். இத்தனை வருஷத்துக்குப் பின்னும் எனக்கு உடம்பு தூக்கிப் போடும். என் மாமனார் பட்டாசு மொத்த வியாபாரி. அவருக்கு வெடிச் சத்தம் எங்கப்பாவுக்கு வத்தல் நெடி மாதிரி, இருப்பதே தெரியாது. என் பயத்தை மகளுக்கும் ஊட்டி வளர்க்கிறேனோ, ஊட்டாவிட்டால் வேறேதாவது ஆகிவிடுமோ என்று இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டே என் நாட்கள் போகும்.

அந்த ஆவணியில் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்று மாமா சொன்னதிலிருந்து மகள் தரையில் நிற்கவில்லை. காரியாபட்டிப் பக்கமிருந்து ஒரு சின்ன லாரியில் வந்து இறங்கியது. வெள்ளைக் குதிரை. கழுத்தில் ஜிகினா மாலை, நெற்றியில் சிவப்புக் குஞ்சம். மகள் கேரட்டை நீட்டினாள். அது மோந்து பார்த்துக் கீழே தள்ளிவிட்டு, தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது.

"படத்துல வர்றது வேற ஊர்க் குதிரைம்மா" என்று எனக்கு விளக்கினாள்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். பேண்டு செட்டுக்குக் குதிரை ஒன்றும் செய்யவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. கொழுந்தனார்தான் மேலே கம்பியை விழுங்கியது மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போது மாமா கடையில் லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர், பெரிய சரவெடியைத் தோளிலிருந்து இறக்கித் தெரு நெடுக விரித்துக்கொண்டே வந்தார். சரத்தின் நுனி குதிரையின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எங்கள் வீட்டு விசேஷம் என்றால் சரம் அத்தனை நீளம் இல்லாவிட்டால்தான் கேள்வி வரும்.

"அம்மா, காது பின்னால போயிருச்சு" என்றாள் மகள். "பயந்தா அப்படித்தான் மடக்கும்."

பார்த்தேன். காதுகள் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. குதிரைக்காரரிடம் கேட்டேன்.

"பழகுன குதிரைதான்க்கா. ஒண்ணும் செய்யாது" என்றார்.

நான் சரி என்று விட்டிருப்பேன். குதிரை வளர்ப்பவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? ஆனால் என் மகள் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, படத்தில் பேசுகிற அதே தமிழில் கத்தினாள்.

"நிறுத்துங்கள்! குதிரை பயப்படுகிறது!"

தெருவே சிரித்தது. "ஏலே, டிவிப் பொட்டி பேசுதுலே!" என்றார் மாமாவின் பங்காளி ஒருவர். "அடுத்து பாட்டு வருமா தாயி?" என்றார் இன்னொருவர். மாமாவும் சிரித்தபடி அவள் கன்னத்தைத் தட்டினார். "இது நம்ம பக்கத்துக் குதிரை தாயி. வெடிச் சத்தம் கேட்டுத்தான் வளந்திருக்கும். தள்ளி நில்லு."

படங்களில் இந்த இடத்தில் பிள்ளை தாத்தாவைத்தான் பார்க்கும், தாத்தா மனம் இளகுவார். என் மகள் என்னைப் பார்த்தாள்.

நான் குதிரைக்காரரைப் பார்த்தேன். ஒன்றும் செய்யாது என்று சொன்ன மனிதர் கடிவாளக் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். காலை அகட்டி ஊன்றினார்.

நடந்து போய் அந்தச் சரத்தின் மேல் நின்றேன். கல்யாணப் பட்டோடு, செருப்பில்லாமல், சிவப்புக் காகிதத்தின் மேல்.

ஊதுபத்தியோடு குனிந்த லோடு அண்ணன் பதறிப் போனார். "மதினி, நகருங்க. திரிகிட்ட நிக்கீக!"

"நகர மாட்டேன். மொதல்ல குதிரை போகட்டும்."

அத்தை ஓடிவந்தார். "ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருச்சா? நல்ல நாளும் அதுவுமா நடுத்தெருவுல நின்னுக்கிட்டு!"

மாமா சிரிப்பை நிறுத்தியிருந்தார். "என்னத்தா, பட்டாசுக்காரன் வீட்டுக் கல்யாணத்துல வெடி வேண்டாங்கியா? பொண்ணு வீட்டுக்காரக அம்புட்டுப் பேரும் பாக்காக."

"வெடிங்க மாமா. குதிரை போன பெறகு வெடிங்க."

"மாப்பிள்ளை குதிரையிலல்ல இருக்கான்?"

"எறங்கி நடக்கச் சொல்லுங்க."

என் குரல்தான் அது. எனக்கே நம்ப முடியவில்லை. என் வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மேலேயிருந்து கொழுந்தனார், "அப்பா, நான் எறங்கிக்கிறேனே" என்றார். யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவர் காத்துக்கொண்டிருந்தது போல எனக்குத் தோன்றியது. வேஷ்டி மாட்டிக்கொள்ள, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

குதிரையைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுபோனார்கள். கேரட்டோடு மகள் பின்னால் ஓடினாள். தனியாக விட முடியுமா? நானும் போனேன். "கிட்டப் போகாத, உதைக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் போனேன்.

அடுத்த தெருவில் ஒரு அச்சகத்தின் பின்வாசல். காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் குதிரைக்காரர் நிறுத்தினார். சரம் வெடிக்க ஆரம்பித்தது. அத்தனை தள்ளி, இடையில் அத்தனை வீடுகள் இருந்தும், குதிரை எகிறியது. குதிரைக்காரரை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. "ஒண்ணுமில்ல ராசா, ஒண்ணுமில்ல" என்று அவர் அதன் முகத்தோடு முகம் வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். இதுவே கோயில் வாசலில், அந்தக் கூட்டத்தில், அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் என்று நான் நினைக்க ஆரம்பித்து, நினைப்பதை நிறுத்திக்கொண்டேன். சத்தம் ஓய்ந்ததும் மகளின் கையைப் பிடித்து அதன் கழுத்தில் வைத்தேன். என் கையையும் வைத்தேன். தோல் வேர்வையில் நனைந்து, உள்ளே எதுவோ ஓடுவது போல் நடுங்கிக்கொண்டிருந்தது.

வெடியே போடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாமாவின் சரம் முழுசாக வெடித்தது. புகையில் ஊரே மறைந்தது. கல்யாணமும் நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் நான் மாமாவை ஊர் முன்னால் தலைகுனிய நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீ சொன்னது தப்பில்ல. சொன்ன எடந்தான்..."

"வேற எங்கன சொல்ல? வெடிச்ச பெறகு ஆஸ்பத்திரியிலயா?"

அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பிறகு கல்யாண வீடியோ வந்தது. வீடே உட்கார்ந்து பார்த்தோம். கொழுந்தனார் நடந்து வருகிறார், சரம் வெடிக்கிறது, புகைக்குள் சொந்தக்காரர்கள் ஆடுகிறார்கள். அந்த நீளம் முழுக்க நானும் மகளும் இல்லை.

"மூத்த மருமக எங்கனன்னு பொண்ணு வீட்ல கேட்டாக" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "குதிரைக்குச் சோறூட்டப் போயிருக்கான்னு சொன்னேன்." எல்லோரும் சிரித்தார்கள். மகளைப் பார்த்து, "என்ன குதிரைக்காரி, அடுத்த கல்யாணத்தை எப்ப நிப்பாட்டப் போற?" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அடுப்படியில் அத்தை என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "மாமாகிட்ட ஒரு வார்த்தை மன்னிச்சிருங்கன்னு சொல்லிரு. வாய் தேஞ்சா போயிரும்?"

தேயாது. எனக்கு அது வராத வேலையும் இல்லை. பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதில் நான் எப்போதும் முதல் மதிப்பெண்தான். அந்த வாக்கியத்தை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். காபி டம்ளரை நீட்டும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

ஆனால் மகள் குதிரைப் படம் கேட்பதை விட்டிருந்தாள். துப்பட்டா சோபாவுக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் "எங்க அந்தக் குதிரைக்காரி?" என்று கேட்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மிஸ் கேட்ட கேள்விக்கு வகுப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை, தனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது என்றாள்.

"சொன்னியா?"

"கை தூக்கல."

"ஏன்?"

"சிரிப்பாக."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வெடிச் சத்தம் கேட்டது மாதிரி உடம்பு தூக்கிப் போட்டது. சரத்தின் மேல் நின்றபோது வராத பயம் அப்போது வந்தது. இத்தனை நாள் நான் தப்பான திசையில் புகையைத் தேடியிருக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்டால் நான் சரி செய்துகொள்வது மாமாவோடு மட்டும்தான். அவள் அன்றைக்கு நடுத்தெருவில் கை விரித்து நின்றது தப்பு என்று என் வாயால் அவளுக்குச் சொல்லிவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, நாங்க படம் பாக்கணும்" என்று சொல்லி ரிமோட்டை எடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல குதிரைப் படமாகப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மகள் வரவில்லை. பரவாயில்லை என்று தரையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண், மாமனார் முன்னால், சின்னப்பிள்ளைப் படம். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இது கோமாளித்தனமோ என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. எழுந்திருக்கவில்லை.

குதிரை முதல்முறை கனைத்ததும் மகள் கதவோரம் வந்தாள். இரண்டாவது முறை என் மடியில் இருந்தாள்.

சுவரில் புகைப்படம் வந்தது.

"அந்தப் பொம்பள யாரு?" என்றார் மாமா. அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா" என்றாள் மகள், மெல்ல. "செத்துப் போயிட்டாக. எல்லாப் படத்துலயும் அப்படித்தான் தாத்தா."

"ஏனாம்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்தா குறுக்க வந்து நிப்பாக மாமா" என்றேன். "படம் ஓடாது."

மாமா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அத்தை ஒன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருப்பாளே" என்றார்.

"சொன்னாக. மன்னிப்புக் கேக்க மாட்டேன் மாமா."

மகளை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். திரையில் அந்தக் கடுகடுத்த தாத்தா, "அந்தக் குதிரையை நெருங்காதே!" என்று கத்தினார். என் மகள் அவரோடு சேர்ந்து, அதே குரலில், அதே தமிழில், கூடம் அதிரக் கத்தினாள்.

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறை, ஆத்தா" என்றார், ஆயுள் முழுக்கச் சத்தம் விற்ற என் மாமனார்.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. நான் குறைக்கவில்லை.