டோ எட்டு, டோ ஜீரோ

வேகத்தடையைக் கண்டால் ஃபைஸான் நேராக ஏற மாட்டார். காரை நிறுத்துவார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, தடையின் உயரத்தைப் பார்வையாலேயே அளப்பார். பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்து, புதுச் செருப்போடு சேற்றைத் தாண்டுகிறவரைப் போல, ஒவ்வொரு சக்கரமாகக் குறுக்கே வைத்து ஏறி இறங்குவார். அதற்குள் பின்னால் பாதி ஆம்பூர் நின்றுவிடும்.

“இன்னா பாய், வண்டிக்கு மூட்டு வலியா?” என்பார் ஷேர் ஆட்டோக்காரர்.

“இது வண்டி இல்லப்பா. மெஷின்.”

மெஷின் நீல நிறம், இரண்டே கதவு. பெங்களூரில் யாரோ ஆசை தீர ஓட்டிவிட்டு விற்ற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கிய கையோடு ஃபைஸான் அதை இரண்டு விரற்கடை தாழ்த்தினார். தாழ்த்தினால் பந்தயத் தடத்தின் வளைவுகளில் தரையைக் கவ்விக்கொண்டு போகுமாம். ஆம்பூரில் அவருக்கு வாய்த்தது பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வளைவு ஒன்றுதான். அங்கே கவ்வுவதற்கு வாழைப்பழத் தள்ளுவண்டி இருக்கிறது. வேகம் காட்டும் வட்டத்தில் முந்நூறு வரை எண் போட்டிருக்கிறார்கள். முள் எண்பதைத் தாண்டிப் பார்த்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்பா ரஷீத் அஹமதுக்கு ஷூ தொழிற்சாலை. ஃபைஸான் அதில் டைரக்டர். எதை டைரக்ட் செய்கிறார் என்று தொழிற்சாலையில் கேட்டால், ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் பிரியாணிக்குப் போகும்போது ஃபைஸான் காருக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கப் போவார். பைபாஸ் ஓரம் ஆரோக்கியசாமியின் கடை. மற்ற கார்கள் பள்ளத்தில் விழுந்து, கல்லில் மோதி, சக்கரம் கோணிக்கொண்டு வரும். இவருடையது போன வெள்ளிக்கிழமை எப்படி இறங்கிப் போனதோ அப்படியே திரும்பி வரும். இருந்தும் ரேம்பில் ஏற்ற வேண்டும், சக்கரத்துக்குச் சக்கரம் சென்சார் மாட்ட வேண்டும், திரையில் எண்கள் ஓட வேண்டும். இணையத்தில் எவனோ ஒரு ஃபின்லாந்துக்காரன் எழுதிய அளவுகளை ஃபைஸான் வாசிக்க வாசிக்க, ஆரோக்கியசாமி ஸ்பானரோடு கீழே படுத்து முடுக்க வேண்டும்.

ஓட்டுகிறவரின் எடை சீட்டில் இருக்கும்போதுதான் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பதும் ஃபின்லாந்துக்காரன் சொன்னதே. ஃபைஸானே உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தால் திரையை யார் அதட்டுவது? எனவே ஒரு கோணிப்பையில் தோல் வெட்டுத் துண்டுகளை அடைத்து, தராசில் தன் எடைக்குச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் வைத்து பெல்ட்டும் மாட்டிவிட்டார். ரம்ஜான் மாதம் முடிந்தால் அதிலிருந்து கொஞ்சம் எடுப்பார். கல்யாண சீசனில் இரண்டு கை கூடப் போடுவார். கடையில் அந்த மூட்டைக்குப் பெயர் ‘சின்ன பாய்’.

“ரெண்டு பேர்ல அதுதான் பேஜார் பண்ணாது,” என்பார் ஆரோக்கியசாமி, ஃபைஸான் டீ குடிக்கப் போனபிறகு.

திரையில், கம்பெனி சொன்ன அளவுக்குள் சக்கரம் இருந்தால் பச்சை விழும். தாண்டினால் சிவப்பு. ஊரில் எல்லோரும் பச்சைக்காக வருகிறார்கள். “பச்சைங்கறது டாக்ஸிக்கு, சாமி. நமக்கு ரெட்டு வேணும்,” என்பார் ஃபைஸான். முதல் தடவை ஆரோக்கியசாமி வாயைத் திறந்தார்: “டயரைத் தின்னுடும் பாய்.” பதில் உடனே வந்தது: “நீ எந்த ரேஸ் டிராக்ல ஓட்டிக்கீற?” அதோடு அவர் கருத்துச் சொல்வதை விட்டுவிட்டார். டயர் விற்பதும் அதே கடைதான் என்பதால் அந்த மௌனம் அவருக்குப் பெரிய சிரமமாகவும் இல்லை.

அளவுகளில் ஃபைஸானுக்கு உயிர், டோ. முன்சக்கரங்கள் இரண்டின் மூக்கும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றனவா, விலகி நிற்கின்றனவா, நேராக இருக்கின்றனவா என்ற கணக்கு அது. ஜீரோ என்றால் நேர். ஷூ தொழிலிலும் ஒரு டோ உண்டு. ஷூவை மேசையில் வைத்தால் அதன் முனை தரையில் படியாமல் சற்றே தூக்கி நிற்க வேண்டும். அந்த இடைவெளியைத்தான் டோ எட்டு, டோ பத்து என்று மில்லிமீட்டரில் சொல்வார்கள். படிந்து கிடந்தால் போட்டுக்கொண்டு நடக்கிறவன் தடுக்கி விழுவான். இரண்டு தொழிலுக்கும் ஒரே சொல் என்பதில் ஃபைஸானுக்கு ஏதோ தானே கண்டுபிடித்த பெருமை. “டோ புரிஞ்சவனுக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரி,” என்று கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வார். பக்கத்து நாற்காலிக்காரர் கத்திரிக்காய் பச்சடியை இன்னும் கொஞ்சம் கேட்பார்.

கைபேசியை அவர் காதில் வைத்து யாரும் பார்த்ததில்லை. காதுக்குள் கறுப்பாக ஒரு புளூடூத் குமிழ். ஒரு தட்டு தட்டினால் காத்திருக்கும் அடுத்த ஆள் வருவார். இரண்டு தட்டினால் பேச்சு முடியும். ஹலோ சொல்வது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் டைம் வேஸ்ட். எடுத்த எடுப்பில் எண்தான். எதிர்முனையில் ‘சரிங்க’ என்று கேட்டதும் தட்டிவிடுவார். அதற்குப் பின்னால் வருவது அவர் காதுக்கு எட்டியதில்லை.

அந்தக் குமிழுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சரக்கு ஏன் இன்னும் கப்பலேறவில்லை என்று அப்பா கேட்டால், அந்தக் கணமே அதில் ஓர் அழைப்பு வந்துவிடும். “ஒன் மினிட்ப்பா, கால்,” என்று ஒரு உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

சென்ற மாதம் ஜெர்மனியிலிருந்து, ஷூவை மொத்தமாக வாங்கும் ஒரு பையர் வருவதாக இருந்தது. ரஷீத் அஹமது சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னார்: “இவரை நீயே பாரு, ஃபைஸான். சேம்பிள் பாஸாச்சுன்னா புது ஷூ லைன் உன் கையில. இல்லன்னா அஃப்ஷா எடுத்துக்கட்டும்.”

அஃப்ஷா தங்கை. வெளிநாட்டு பையர்களோடு எழுத்து, பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் பல வருடங்களாக அவர்தான்.

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லப்பா,” என்று தயிரைப் போட்டுக்கொண்டார் அஃப்ஷா. “பாய்ஜான் பாத்துப்பாரு. நான் வெயிட் பண்றேன்.”

‘வெயிட்’ என்ற சொல் ஃபைஸானுக்குத் தைத்தது. மூட்டை விஷயம் வீடுவரை வந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் ஒரே காட்சி ஓடியது. பையரை வேலூர் ஓட்டலிலிருந்து தன் காரில் தானே அழைத்து வருகிறார். நெடுஞ்சாலையில் இரு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கிறார். கார் நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. ஜெர்மன்காரர் வாயடைத்துப் போகிறார். அதற்காக, வாழ்க்கையில் முதல் முறையாக, சிவப்பை விட்டுப் பச்சைக்கு இறங்கத் துணிந்தார். காருக்கு டோ ஜீரோ. ஷூவுக்கு, பையர் கேட்டிருந்தபடி, டோ எட்டு.

பையர் வருவதற்கு முந்தின நாள், காரை ஆரோக்கியசாமியின் கடையில் விட்டுவிட்டு, ஃபைஸான் வேலூரில் ஒரு பூக்கடையில் பொக்கே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். ரேம்பில் காரை ஏற்றிவிட்டு ஆரோக்கியசாமி அழைத்தார். அவர் லைனில் இருக்கும்போதே சேம்பிள் ரூம் சூப்பர்வைசர் காசியின் அழைப்பும் வந்து நின்றது. முதலில் காசியை முடித்துவிடலாம் என்று ஃபைஸான் குமிழைத் தட்டினார். ஒரு கையில் ரோஜா, ஒரு கையில் பிளாஸ்டிக் தாள். தட்டு சரியாக விழவில்லை. லைனில் ஆரோக்கியசாமியே இருந்தார்.

“டோ எட்டு மில்லி. மூக்கு நல்லா வெளிய தெரியணும், அமுங்கக் கூடாது. ரெண்டு சைடும் ஒரே மாதிரி.”

“சரிங்க பாய்.”

தட்டினார். இம்முறை சரியாக விழுந்தது. காசி வந்தார்.

“டோ ஜீரோ பண்ணிடு. நூல் புடிச்ச மாதிரி நேரா, தரையோட ஒட்டி ஓடணும்.”

“சரிங்க சார்.”

ஆரோக்கியசாமி அவரை பாய் என்பார், காசி சார் என்பார். அந்தக் கடைசிச் சொல்வரை காத்திருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இரண்டு தட்டு தட்டிவிட்டு, மஞ்சள் ரோஜாவா சிவப்பா என்ற கவலைக்கு அவர் திரும்பிவிட்டார்.

ஆரோக்கியசாமி எட்டு மில்லியை வைத்தார். திரை முழுக்கச் சிவந்தது. பாய்க்குப் பிடித்த நிறம் என்று இறக்கிவிட்டார். காசி, தயாராக இருந்த நல்ல ஜோடியை அலமாரியில் தள்ளிவிட்டு, முனை தரையில் படிகிற பழைய அச்சில் வேறு ஜோடி செய்யச் சொன்னார். ஷூ எங்கே ஓடும் என்று அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஒரு முறை சந்தேகம் கேட்டதற்கு, “டவுட்டை வீட்லயே வச்சுட்டு வா காசி,” என்று சொல்லப்பட்டவர் அவர். வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மறுநாள் காலை வேலூருக்குப் போகிற வழியிலேயே ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் முண்டியது, டயர் முனகியது. ஃபைஸானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘உயிர் இருக்குது வண்டில,’ என்று நினைத்துக்கொண்டார். மூட்டையைப் பின்னால் தள்ளி, அதன்மேல் பொக்கேயை வைத்திருந்தார்.

பையர் உயரமானவர், அதிகம் பேசாதவர். முழங்கால்களை மடித்துத் தாடையருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை வருகிறதே என்றார்.

“லெதர்,” என்றார் ஃபைஸான். இந்தப் பக்கத்தில் எந்த வாடைக்கும் அந்த ஒரு பதில் போதும்.

மாதனூர் அருகே சாலை நேராக நீண்டது. ஃபைஸான் பையரைப் பார்த்துப் புன்னகைத்து, இரு கைகளையும் துஆ கேட்பவர் போல உயர்த்தினார். கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு, பக்கத்தில் தோல் ஏற்றிப் போன லாரியோடு கைகுலுக்கப் போவது போல வலப்புறம் பாய்ந்தது. லாரிக்காரர் கெட்ட வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் ஃபைஸான் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். பையர் தன் சீட் பெல்ட்டைப் பிடித்தார். ஆம்பூர் வரை அதை விடவில்லை.

சேம்பிள் ரூமில் ரஷீத் அஹமது, அஃப்ஷா, காசி மூவரும் காத்திருந்தார்கள். மேசையில் ஷூ ஜோடியை வெல்வெட் துணியால் மூடச் சொல்லியிருந்தார் ஃபைஸான். தன் கைபேசியையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, மந்திரக்காரரைப் போலத் துணியை இழுத்தார்.

ஷூ இரண்டும் வலையிலிருந்து கொட்டிய மீனைப் போல மேசையோடு படிந்து கிடந்தன. பையர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து முனைக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு ஷூவிலும் பார்த்தார்.

“காசி, இன்னா இது?” என்றார் ரஷீத் அஹமது.

“சார்தான் ஃபோன்ல சொன்னாரு. டோ ஜீரோ பண்ணு, நூல் புடிச்ச மாதிரி நேரா, தரையோட ஒட்டி ஓடணும்னு.”

“ஷூ எங்க ஓடுது?” என்றார் அஃப்ஷா.

பையர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார்: காரிலும் டோவில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குப் படுகிறது.

அஃப்ஷா ஷூவைப் பார்த்தார். ஜன்னல் வழியே கீழே காரைப் பார்த்தார். முன்சக்கரங்கள் வாத்தின் பாதங்களைப் போல லேசாக விலகி நின்றன. பின்சீட்டில் மூட்டை பொக்கேயை ஏந்தி உட்கார்ந்திருந்தது.

“காருக்குச் சொன்னது இங்க வந்துடுச்சா, பாய்ஜான்? அப்ப ஷூவுக்குச் சொன்ன எட்டு அங்க போய்டுச்சா?” அவர் குரலை உயர்த்தவில்லை. “நீங்க பேசாம மூட்டையையே அனுப்பி இருக்கலாம். அதுக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது.”

காசி தரையைப் பார்த்தார். சிரிப்பு வந்தால் வேலை போய்விடும்.

ரஷீத் அஹமது மகனைப் பார்த்தபடி நின்றார். கோபமாக அல்ல. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் என்ற ஒரு வரிக்காக அவர் காத்திருந்தார். அந்த வரி ஃபைஸானின் தொண்டைவரை வந்தது. புது ஷூ லைன் இன்னும் கைவிட்டுப் போகவில்லை, சொன்னால் அப்பா ஏதாவது செய்து காப்பாற்றுவார் என்றும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்ல ஒரு எண்ணும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. விரல் தானாகக் காதுக்குப் போயிற்று.

“ஹான், சொல்லுங்க,” என்று ஜன்னல் பக்கம் நகர்ந்தார். “ஆமா. இல்ல, இல்ல, இப்பவே சொல்லுங்க.”

“இதுக்கு முன்னாடி ஒரு ஜோடி செஞ்சியே, எங்க?” என்று காசியிடம் கேட்டார் ரஷீத் அஹமது.

“அலமாரில இருக்குதுங்க சார். டோ எட்டு.”

“எடுத்து அஃப்ஷா கையில குடு.”

அஃப்ஷா பையருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். காசி ஷூவைக் கொண்டுவந்து வைத்தார். பையரின் பென்சில் அதன் அடியில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அப்போது மேசைமேல் அதுவரை இருண்டு கிடந்த ஃபைஸானின் கைபேசி ஒளிர்ந்து, அதிர்ந்து, வட்டமடிக்கத் தொடங்கியது. திரையில் ‘சாமி அலைன்மென்ட்’ என்று பெயர். டோ எட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக இருக்கலாம். எல்லோரும் கைபேசியைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள்.

அங்கே நின்றபடி, திரும்பாமலேயே, பேச்சையும் நிறுத்தாமல், ஃபைஸான் ஓர் உள்ளங்கையை அவர்களை நோக்கி உயர்த்திக் காட்டினார்: ஒன் மினிட்.